மிச்சம் 36,799

நெல்சன்,
6 பிப்ரவரி 1934

அன்புள்ள தம்பி கிளெமுக்கு,

நானும் நெட்டியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகம் என்று சொல்ல மறுக்கிறது. தீவு வெயிலில் தோல் உரிகிறது என்று எழுதியிருந்தாயே, ஆறியதா?

சிட்னியிலிருந்து பதில் வந்துவிட்டது. நல்ல பதில் இல்லை. உனக்குத் தெரிந்த கதையையே திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எங்கே சறுக்கினோம் என்று எனக்கே தெளிவாக வேண்டும்.

8566727471. எண்ணூற்றைம்பத்தாறு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம். முதல் ஐந்து இலக்கம் நான் சொன்னது, கடைசி ஐந்து நீ சொன்னது. இதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண் உண்டா என்று பார்க்க, இதன் வர்க்கமூலமான 92,556 வரையிலும் உள்ள பகா எண்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒன்றிலும் ஏழிலும் முடிகிறவை உனக்கு, மூன்றிலும் ஒன்பதிலும் முடிகிறவை எனக்கு. ஆளுக்கு நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம். ஞாயிறு தவிர தினம் ஐந்து வகுத்தல், மூன்று வருஷம். போன நவம்பரில் முடித்தோம். எதுவுமே வகுக்கவில்லை. ஆகவே இதுவும் பகா எண்தான் என்று நம் இருவர் பெயரையும் போட்டு ஆசிரியர்கள் இதழுக்கு எழுதினேன்.

அங்கே கணக்குப் பக்கத்தைப் பார்க்கும் திரு. பார்ஜெட்டரிடம் கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் இருக்கிறது. பகா எண்களுக்கு ஒரு குணம் உண்டு. எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் இரண்டுகளை அடுக்கிப் பெருக்கி, வந்ததை அந்த எண்ணால் வகுத்தால் மிச்சம் ஒன்றுதான் வர வேண்டும். அவர் சுருக்கு வழியில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம். இரண்டு தடவையும் ஒன்று வரவில்லை. ஆகவே நம்முடையது பகா எண் இல்லை.

எது அதை வகுக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லாது. ஏதோ ஒன்று வகுக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். வீட்டில் திருடன் இருக்கிறான், எந்த அறையில் என்று தெரியாது.

அது உன் பங்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் என் பங்கில். நான் ஒவ்வொரு வகுத்தலையும், இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் ஒன்பதுச் சோதனை போட்டுச் சரிபார்த்தேன். நீ என்ன செய்தாய் என்று நேராக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஹெஸ்டர்


ஃபான்னிங் தீவு,
21 மார்ச் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

தோல் ஆறிவிட்டது, ஆறியதும் மறுபடி உரிந்துவிட்டது. மற்றபடி சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மருமகள் நெட்டிக்கு என் முத்தங்கள்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். என் முகத்தைப் பார்த்த, கூட வேலை பார்க்கும் கில்ராய் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடா, யாரு செத்தா?"

"ஒரு பகா எண்ணு."

"ரொம்ப வேண்டப்பட்டதா?"

"மூணு வருஷமா கூடவே இருந்துச்சு."

"அப்ப என் பொண்டாட்டியவிட அதிக நாள்," என்றான். நானும் சிரித்தேன், ஆனால் தட்டை அப்படியே வைத்துவிட்டு என் தாள்களை எடுக்கப் போய்விட்டேன்.

அக்கா, என் பங்கு சரியாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதும் போட்டேன், பதினொன்றும் போட்டேன். நீ பதினொன்றும் போடுகிறாயா? வலப்பக்கத்திலிருந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போகிற சோதனை. கடலடித் தந்திக் கம்பியில் வருகிற எண்களை ஒரே சோதனையில் நம்பினால் எங்களுக்கு வேலை போய்விடும், அந்தப் பழக்கம் எனக்கு. கேட்டேன், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
கிளெம்


நெல்சன்,
24 ஏப்ரல் 1934

தம்பி கிளெமுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆப்பிள் பறிப்பு முடிந்தது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு, கோபம் வருகிற ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறாய். பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாகத் தள்ளிப் பார்க்கும் சோதனை எனக்கு ஒரு தடவையும் துரோகம் செய்ததில்லை. நான் உன்னைக் கேட்டால் நீ என்னைத் திருப்பிக் கேட்கிறாய். சின்ன வயசிலேயே ஜாம் பாட்டில் உடைந்தால் இப்படித்தான் செய்வாய்.

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். இந்த எண்ணை ஏன் ஆரம்பித்தோம் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு இரண்டு வயது நெட்டியோடு வண்டியை மைட்டாய் ஆற்றில் இறக்கினாய். குழந்தையை வெளியே எடுத்தது யாரோ ஒரு ஆட்டுக்காரர். நீ தீவுக்கு வேலைக்குப் போன பிறகு, "இனிமேல் தொடமாட்டேன். தினம் ஐந்து வகுத்தல் செய்கிறேன். குடித்தவன் கையால் ஐந்து வகுத்தல் சரியாக வராது. என் தாளே சாட்சி" என்று எழுதினாய். நான் அதை நம்பித்தான் உன்னோடு உட்கார்ந்தேன்.

அடுத்த மார்ச்சில் உன் ஒப்பந்தம் முடிகிறது. பின்னறையில் வந்து தங்கலாமா என்று போன ஆகஸ்டில் வந்த கடிதத்தில் கேட்டிருந்தாய். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

சர்ச்சில் திருமதி ஹாஸ்கின்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு வருஷமா ஒரு சொட்டு தொடலைன்னு அவரே சொல்றாரு, அத நீங்க நம்புறீங்க. பாவம் ஹெஸ்டர் நீங்க" என்றாள். அவள் வாயை அடைக்க என்னிடம் இருந்தது உன் கணக்கு ஒன்றுதான். இப்போது அதிலும் ஓட்டை.

உன் தாள்கள் எல்லாவற்றையும் அனுப்பு. ஒன்றுவிடாமல். மிச்சங்களை நீ இட்டுக்கட்டி எழுதியிருந்தால், மற்றதும் இட்டுக்கட்டியதுதான். அப்படியானால் பின்னறை உனக்கு இல்லை.

ஹெஸ்டர்


ஃபான்னிங் தீவு,
6 ஜூன் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

தகரப் பெட்டியில் எல்லாத் தாள்களும் இருக்கின்றன. எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து. பழைய தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியவை. பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சாவியைத் தூக்கித் திருப்பு.

வேறு ஒன்று எழுதி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அதை அனுப்பவில்லை.

கிளெம்


நெல்சன்,
8 ஜூலை 1934

தம்பி கிளெமுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. இருவரும் சுகம். இங்கே இப்போது குளிர்காலம், எலும்பைக் குடைகிறது.

அறுநூறு வகுத்தல்களைத் திரும்பச் செய்துவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் தப்பில்லை.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. 1932 ஜூலைத் தாள்களில் ஒரு அடித்தல்கூட இல்லை. ஒரே மை, ஒரே சாய்வு. மனுஷன் தினம் தினம் கணக்குப் போட்டால் ஒரு நாள் கை வியர்க்கும், ஒரு நாள் தூக்கம் வரும். நெட்டிகூடக் கேட்டாள்.

"மாமா ஏம்மா இவ்ளோ அழகா எழுதியிருக்காரு?"

"அதான்டி எனக்கும் புரியல."

"அழகா எழுதுனா தப்பா?"

"பேசாம போய்ப் படு."

அவளைப் படுக்க அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். உன்னையே கேட்கிறேன். இவை அன்றன்று எழுதியவையா, அல்லது என் ஏப்ரல் கடிதம் கிடைத்த பிறகு உட்கார்ந்து நல்லபடியாகத் திருப்பி எழுதியவையா?

இன்னொன்று. ஹாஸ்கின்ஸ் வீட்டுப் பையன் உங்கள் தீவுக்கு வருகிற கப்பலில் கணக்கராக இருக்கிறான். போன கிறிஸ்துமஸ் விருந்தில் நீ மேசைத் தலைமாட்டில் கையில் கிளாஸோடு பாடிக்கொண்டிருந்தாயாம். கிளாஸில் என்ன இருந்தது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

ஹெஸ்டர்


நெல்சன்,
16 செப்டம்பர் 1934

கிளெமுக்கு,

சுகம். நீ சுகமா என்று எனக்குத் தெரியவில்லை. தீவிலிருந்து கப்பல் வந்துபோய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் கேட்டுக்குள் நுழையும்போதே கைகளை விரித்துக் காட்டுகிறார்.

காய்ச்சலா? இல்லை, என் கேள்விகளுக்குப் பதில் இல்லாததால் பேனாவை மூடிவைத்துவிட்டாயா? குற்றமில்லாதவன் என்றால் இரண்டு வரியில் முடிகிற விஷயம். "அன்றன்று எழுதியவை. கிளாஸில் எலுமிச்சை." இவ்வளவுதானே?

2,900 முடித்துவிட்டேன். எல்லாம் சரி. பள்ளி விட்டதும் உட்கார்ந்தால் விளக்கேற்றும் வரை எழுந்திருப்பதில்லை. உன் தப்பைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. இதை எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே நன்றாக இல்லை. ஆனாலும் அடிக்கவில்லை, இருக்கட்டும்.

எழுது.

ஹெஸ்டர்


ஃபான்னிங் தீவு,
14 அக்டோபர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் இப்போது பரவாயில்லை.

மழை நின்றுவிட்டது. நண்டுகள் கூட்டம் கூட்டமாகப் படியேறி வருகின்றன. கில்ராய் மாற்றலாகிப் போய்விட்டான். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், கை இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்கவில்லை. நெட்டிக்கு ஒரு சிப்பி அனுப்பியிருக்கிறேன். காதில் வைத்தால் கடல் சத்தம் கேட்கும் என்று சொல்லாதே, அவள் கடலோரத்தில் இருக்கிறவள்தானே.

கிளெம்


நெல்சன்,
18 நவம்பர் 1934

அன்புள்ள என் தம்பி கிளெமுக்கு,

சுகம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமையோடு உன் தாள்கள் முடிந்தன. நாலாயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசித் தாளையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு வேறு வழியில்லாமல் என் தாள்களை எடுத்தேன். உன்னைக் கேட்ட ஒன்பது மாதத்தில் அவற்றை ஒரு தடவைகூட நான் திறந்து பார்க்கவில்லை.

பாதியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாவற்றையும் திரும்ப வகுப்பானேன், நீ சொன்ன பதினொன்றைப் போட்டுப் பார்த்தால் என்ன? வேகமாகப் போனேன். வெள்ளிக்கிழமை ஒன்று உதைத்தது.

81,799.

அதன் கீழே நான் எழுதியிருந்த மிச்சம் 36,799. திரும்ப வகுத்தேன். நடுவில் 23,721 என்று வர வேண்டிய இடத்தில் 23,271 என்று எழுதியிருக்கிறேன். ஏழும் இரண்டும் இடம் மாறிவிட்டன. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே! அதனால் ஒன்பதுச் சோதனை சரி என்று சொல்லிவிட்டது, நானும் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன். உண்மையில் மிச்சமே இல்லை. 81,799-ஐ 104,729-ஆல் பெருக்கினால் நம் எண் அச்சாக வருகிறது. மூன்று தடவை பெருக்கினேன்.

திருடன் என் அறையில்தான் இருந்தான், கிளெம்.

தாளின் தலையில் தேதி இருக்கிறது, 3 ஆகஸ்ட் 1933. பின்னறையில் தங்கலாமா என்று நீ கேட்ட கடிதம் வந்த நாள் அது. அன்று வகுக்கும்போது நான் எண்ணைப் பார்க்கவில்லை. உன்னை வேண்டாம் என்று எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு உன்னை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பார்ஜெட்டருக்கு எழுதிவிட்டேன், தவறு என்னுடையது என்று என் பெயர் போட்டு. திருமதி ஹாஸ்கின்ஸிடமும் சொன்னேன். "அப்ப அந்த கிளாஸு?" என்றாள். "என் தம்பி கிளாஸப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ குடிக்கவில்லை. நீ சொன்னது அத்தனையும் நிஜம். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மார்ச்சில் வா.

உன் அக்கா,
ஹெஸ்டர்


ஃபான்னிங் தீவு,
23 டிசம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருந்து கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும். நான் உடம்பால் சுகம்.

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. நீ ஒரு பொய்யை நம்பிக்கொண்டு சுண்ணாம்பு அடிக்கிறாய்.

முதலில் சின்ன விஷயம். 81,799 எனக்கு மே 12-ஆம் தேதியே தெரியும். உன் முதல் கடிதம் கிடைத்ததுமே உன் பங்கை, பெரிய எண்ணிலிருந்து கீழ்நோக்கி, வகுக்க ஆரம்பித்தேன், தினம் பத்து. கண்டுபிடித்ததும் ஒரு கடிதம் எழுதி, கேலியெல்லாம் போட்டு, கப்பலுக்காக வைத்திருந்தேன். அந்தக் கப்பலில் உன் ஏப்ரல் கடிதம் வந்தது. என் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். நான் சொல்லி நீ பார்ப்பதில் என்ன இருக்கிறது? நீயாகவே உன் தாளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வீம்பு. பெட்டியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

இப்போது பெரிய விஷயம். ஆகஸ்ட் 5-ஆம் தேதி உன் ஜூலைக் கடிதம் வந்தது, திருப்பி எழுதியவையா என்று கேட்டு. தாள்கள் அன்றன்று எழுதியவைதான், கிறிஸ்துமஸ் கிளாஸில் இஞ்சித் தண்ணீர்தான் இருந்தது, அக்கா. ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோது, எழுதினால் மட்டும் நம்பவா போகிறாள் என்று தோன்றியது. மறுநாள் கில்ராயிடம் போய், "ஒண்ணு ஊத்துடா" என்றேன்.

"வேணாண்டா கிளெம். மூணு வருஷம்டா."

"மூணு வருஷத்தையும் ஒருத்தி கணக்குல சேக்கல. ஊத்து."

எண்ணுக்கான வேலை முடிந்த பிறகும் பழக்கத்துக்காக, இப்போது ஞாயிறும் சேர்த்து, தினம் ஐந்து வகுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தத் தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 6 முதல் செப்டம்பர் 15 வரை தேதி மட்டும் இருக்கும், கீழே வெறுமை. நாற்பத்தொரு நாள். அவற்றில் ஏதாவது எழுதி நிரப்பியிருக்கலாம். நீ இனிமேல் சரிபார்க்க மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் எண்ணில் நான் பொய் எழுதுவதில்லை.

செப்டம்பர் 16-லிருந்து தாள்கள் நிறைந்திருக்கின்றன. முதல் வாரம் அடித்தல் அதிகம்.

உன்மேல் பழி போடவில்லை. குடித்தது என் கை. மார்ச்சில் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டால் கொடுப்பார்கள். அறையில் வேறு யாரையாவது வாடகைக்கு வைத்துக்கொள்.

கிளெம்


நெல்சன்,
27 ஜனவரி 1935

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை படித்தேன்.

முதல் தடவை எனக்கு வந்தது கோபம். மே மாதமே தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், என்னை நாலாயிரத்து நானூறு வகுத்தல் செய்யவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாயே, படுபாவி! குளிர்காலம் முழுக்க விரல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

இரண்டாம் தடவை பயம் வந்தது. நெட்டி தூங்குவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் தடவை அந்த வெறும் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நாற்பத்தொன்று. எண்ணித்தான் பார்த்தேன், என்னை உனக்குத் தெரியாதா? பிறகு செப்டம்பர் 16. ஐந்து வகுத்தலில் இரண்டு தப்பு. எழுத்து குழந்தை கிறுக்கினது மாதிரி. மை சிந்தியிருக்கிறது. ஒன்றின்மேல் நாலு தடவை அடித்து எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்து அழுதேன்.

இன்று சர்ச் வாசலில் திருமதி ஹாஸ்கின்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்க தம்பி சுத்தமாயிட்டாருன்னு சொல்லுங்க."

"இல்ல. நடுவுல நாப்பத்தொரு நாள் குடிச்சாரு."

அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "யாரு சொன்னா?"

"அவரேதான். நீங்களும் நானும் மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்கல."

கிளெம், ஒப்பந்தத்தை நீட்டிக்காதே. வா. வந்தால் உன் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். வாயை ஊதச் சொல்வேன். நெட்டியை உன்னோடு தனியாக அனுப்ப மாட்டேன், எத்தனை நாளைக்கு என்று கேட்காதே. நீ கோபப்படுவாய், நானும் கத்துவேன். உன்னை முழுசாக நம்பிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நீ வெறும் தாளை வெறுமையாகவே அனுப்பியிருக்கும்போது நான் பொய் எழுத மாட்டேன். நம்பிக்கை வரட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று இருந்தால் நமக்குக் கிழடு தட்டிவிடும்.

நம்பாமலேயே கூப்பிடுகிறேன். வந்துவிடு.

அக்கா ஹெஸ்டர்